கில்பெக் தேவாலயம்: போகும்போதும் வரும்போதும் கேட்கிற கேள்விகள்

ஹெரிஃபோர்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாள் கில்பெக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. போகும்போது காரில் ஒரு சுற்றுக் கேள்வி, திரும்பும்போது இன்னொரு சுற்று. போன வருஷம் மச்சான் கேட்டதையே இந்த வருஷம் சித்தப்பா கேட்டார். சரி, எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருபவர்கள் ரயிலிலேயே படித்துக்கொண்டு வரட்டும் என்று உட்கார்ந்தேன். நான் கட்டிடக்கலை படித்தவனில்லை. பத்துப் பன்னிரண்டு முறை சுற்றிப் பார்த்தவன், அவ்வளவுதான். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கில்பெக் எங்கே இருக்கு? லண்டன்லேருந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயர். ஹெரிஃபோர்ட் நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். அபர்கவென்னி போகும் ஏ465 சாலையில் போய் இடதுபக்கம் ஒரு சின்னச் சாலையில் திரும்ப வேண்டும். பெயர்ப்பலகையைத் தவறவிட்டால் வேல்ஸுக்குள் போய்விடுவீர்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன்.

லண்டன் பாடிங்டனிலிருந்து ஹெரிஃபோர்டுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். விடிகாலையில் கிளம்பினால் ஒரே நாளில் முடியும். ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள். கிராமப் பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இவ்வளவு பேசுறீங்க, படத்துல பார்த்தா ஓட்டு வீடு மாதிரி இருக்கே? இது கதீட்ரல் தானே?

இல்லை. பிஷப்பின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். இந்த மறைமாவட்டத்துக்கு அது ஹெரிஃபோர்ட் நகரத்தில் இருக்கிறது. கில்பெக்கில் இருப்பது ஒரு கிராமத்துப் பங்குக் கோயில். ஊரில் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கடைசியில் அடக்கம், எல்லாம் நடக்கிற இடம். இப்படிப்பட்ட இடைக்காலக் கோயில்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அளவைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. வேகமாக நடந்தால் ஐந்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன்: வாசலை ஒரு படம் எடுத்தேன், உள்ளே எட்டிப் பார்த்தேன், கிளம்பிவிட்டேன். கூரைக்குக் கீழே அண்ணாந்து பார்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கியபோதுதான் உறைத்தது.

யார் கட்டினது? எந்த வருஷம்?

இப்போது நிற்கும் கட்டிடம் சுமார் 1140ஐச் சேர்ந்தது. கட்டச் செய்தவர் ஹியூ என்ற நார்மன் பிரபு. 1066இல் வடக்குப் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்த ஊர் அவருடைய அப்பா வில்லியமின் கைக்கு வந்தது. அப்பா கோட்டையை எழுப்பினார், மகன் கோயிலைக் கட்டினார்.

நார்மன்கள் வெறும் காட்டில் வந்து இறங்கவில்லை. அதற்கு முன்பு இது வேல்ஸ் மொழி பேசியவர்களின் பூமி. எர்கிங் என்ற பழைய வேல்ஷ் நாட்டின் பகுதி. ஊர்ப் பெயரும் வேல்ஷ்தான். லாண்டாஃப் சுவடி என்ற 12ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில், இந்த ஊரில் வேல்ஸின் காவல் புனிதரான டேவிட் பெயரால் ஒரு கோயில் இருந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. இன்றைக்குக் கோயிலின் பெயர் புனித மரியாள், புனித டேவிட் இருவர் பெயரையும் சேர்த்தது. டேவிட் பழையவர். மரியாளின் பெயர் கோட்டைக்குள் இருந்த சிற்றாலயம் கைவிடப்பட்ட பின் இங்கே வந்து சேர்ந்தது என்பார்கள்.

உள்ளே எப்படிப் பிரிச்சிருக்காங்க? நேவ், சான்சல்னு சொல்றதெல்லாம் என்ன?

மூன்று அறைகள், மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்றைவிட அடுத்தது சிறியதாக. முதலில் மக்கள் கூடும் நீளமான கூடம்; அதுதான் நேவ். அடுத்தது குருமார் நிற்கும் பகுதி, சான்சல். கடைசியில் அரைவட்டமாக வளைந்து முடியும் சிறு அறை. பீடம் இருக்கும் இடம், ஏப்ஸ் என்பார்கள். கூடத்துக்கும் குருமார் பகுதிக்கும் நடுவில் ஒரு பெரிய வளைவு. வாசல் பக்கமிருந்து பார்த்தால் வளைவுக்குள் வளைவாகப் பார்வை பீடத்தை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும்.

இந்தப் பிரிவினை பணத்திலும் இருந்தது. குருமார் பகுதியின் கூரை ஒழுகினால் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடம் ஒழுகினால் ஊர்மக்கள் தலையில். இங்கிலாந்து முழுக்க இடைக்கால வழக்கம் இதுதான். சில ஊர்களில் ஒரு பாதி செழிப்பாகவும் மறு பாதி வதங்கியும் நிற்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் காலத்தில் உட்கார பெஞ்சும் கிடையாது. மக்கள் நின்றபடியோ தரையில் முழங்காலிட்டோதான் லத்தீன் பூசை கண்டார்கள்.

கோபுரமே காணோமே? இடிஞ்சு போச்சா?

இடிந்துபோன கோபுரம் என்று எதுவும் இல்லை. மேற்குச் சுவரின் உச்சியில் மணி தொங்கும் சின்னக் கல்கூண்டு மட்டும் இருக்கிறது. அது 19ஆம் நூற்றாண்டு வேலை. பணம் பெருகிய ஊர்களில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கோபுரம் எழுப்பினார்கள், பக்கச் சுவரை இடித்துக் கூடத்தை அகலப்படுத்தினார்கள், சன்னல்களைப் பெரிதாக்கினார்கள். கில்பெக்கில் அப்படிப் பணம் பெருகவில்லை. இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தெற்கு வாசல், தெற்கு வாசல்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல எதைப் பார்க்கணும்?

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கண் திணறிவிடும். கதவுக்கு நேர் மேலே இருக்கும் அரைவட்டக் கல்லில் தொடங்குங்கள். அதில் ஒரு கொடி. தண்டு நடுவில் நேராக எழுந்து இரு பக்கமும் சுருண்டு பழக்கொத்துகளோடு விரிகிறது. வாழ்வின் மரம் என்பார்கள். பெரிய கோயில்களில் இந்த இடத்தில் கிறிஸ்து அரியணையில் வீற்றிருப்பார். இங்கே ஒரு செடி.

அதைச் சுற்றி அடுக்கடுக்காக வளைவுகள். ஒன்றில் அலகு நீண்ட பறவைத் தலைகளும் விலங்கு முகங்களும் வரிசையாகக் கீழே குனிந்து உங்களைப் பார்க்கும். வெளி வளைவில் வட்டங்கள்; வட்டத்துக்குள் பறவை அல்லது விலங்கு; ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முகம் இரண்டையும் கவ்விப் பிடித்திருக்கும். உச்சியில் பறக்கும் ஒரு தேவதூதர். இத்தனை பிராணிகளுக்கு நடுவில் அவர் கொஞ்சம் தனியாகத்தான் தெரிகிறார்.

பிறகு தூண்களுக்கு வாருங்கள். வெளிப்பக்கம் பாம்புகள், நீண்டு நெளிந்து வாலைக் கவ்வியபடி. வலது தூண்தலையில் வாயிலிருந்து இலைக்கொடி புறப்படும் ஒரு முகம். இன்னொரு தூணில் கொடிகளுக்குள் சிக்கியது போல ஒருவர் மேல் ஒருவராக இரண்டு வீரர்கள்: ஒல்லியான உடம்பு, தலையில் கூம்புக் குல்லா, காலில் தொளதொளவென்ற கால்சராய். அந்தக் கால்சராயின் மடிப்புகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் சிற்பி இணைகோடுகளாகக் கீறியிருக்கிறான். துணி இறுக்கமான இடத்தில் நெருக்கமாக, தளர்ந்த இடத்தில் அகலமாக. விரலை மட்டும் வைக்காதீர்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்கிய கல்தான், ஆனால் வருகிறவர் எல்லாரும் தடவினால் தாங்காது.

கூரைக்குக் கீழே வரிசையா பொம்மை மாதிரி இருக்கே, அது எதுக்கு?

அவை தாங்குகற்கள். சுவரிலிருந்து வெளியே துருத்தி நின்று, கூரையின் விளிம்புக் கல்வரிசையைத் தாங்குகின்றன. இங்கிலாந்தில் இவற்றைக் கார்பெல் என்பார்கள். வேலை அதுதான், அந்த வேலைக்கு வெறும் கல்லே போதும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமோ உடலோ கொடுத்துவிட்டார்கள். கோயிலை முழுச் சுற்று சுற்றி 91 இருந்தன; இன்று இருப்பவை 85.

கையில் பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள். நாயும் முயலும் ஒரே கல்லில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும். முயலின் நீண்ட காதுகள் பின்னால் படிந்திருக்கும், நாயின் காதுகள் தொங்கும், இரண்டுக்கும் கண்கள் உருண்டை உருண்டையாக. துரத்துவதும் துரத்தப்படுவதும் இப்படிச் சமாதானமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் அக்கா பெண் அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இன்னும் பன்றி, செம்மறிக் கடா, மனிதத் தலையைக் கவ்விய கரடி, பிடில் போன்ற நரம்புக்கருவி வாசிக்கும் ஒருவன், கட்டிப்பிடித்து நிற்கும் இருவர் (மல்யுத்தமா நடனமா என்று வீட்டுக்கு வீடு சண்டை), கிறிஸ்துவைக் குறிக்கும், சிலுவை தாங்கிய இறை ஆட்டுக்குட்டி. அந்த ஆட்டுக்குட்டி குதிரை போலவே இருக்கிறது. சிற்பிக்கு ஆடு வரவில்லை என்பது என் எண்ணம்.

ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் சொல்லும் கையேடுகள் உண்டு. பாவம், புண்ணியம், சாத்தான் என்று பிரித்துவிடுவார்கள். ஆட்டுக்குட்டிக்குச் சொல்லலாம். பிடில்காரனுக்கும் பன்றிக்கும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரன் அன்றாடம் பார்த்ததும் சிரித்ததும் பயந்ததும் அதில் இருக்கின்றன.

குழந்தைகளோட போறோம். அங்க ஏதோ ஆபாசமான சிலை இருக்காமே?

இருக்கிறது. ஷீலா-நா-கிக் என்று பெயர். கிழக்கு அரைவட்டப் பகுதியின் வெளிப்புறத் தாங்குகற்களில் ஒன்று. பெரிய தலை, உருண்டைக் கண்கள், சின்ன உடம்பு. இரு கைகளாலும் தன் பெண்குறியை அகல விரித்துக் காட்டுகிறாள். ஒரு கை உயரம்கூட இல்லாத உருவம், தலைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. குழந்தைகள் பெரும்பாலும் நாய்முயலோடு நின்றுவிடுவார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் நெளிவதுதான் அதிகம்.

இப்படிப்பட்ட உருவங்கள் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பல இடங்களில் உண்டு. பிரான்ஸ், ஸ்பெயின் கோயில்களில் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது, இந்தச் சிலைகளுக்கான பெயராக 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் ஏறியது. பொருள் பற்றி மூன்று கட்சிகள்: காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்பது ஒன்று, கண்ணேறு கழிக்கும் காவல் என்பது ஒன்று, கிறிஸ்தவத்துக்கு முந்தைய வளமைத் தெய்வம் என்பது ஒன்று. மூன்றாவது கட்சிக்குச் சான்று மெலிவு. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இதே காலக் கோயில்களில் இதே வகை உருவங்கள் இருக்கும்போது, இதை மட்டும் ஊர்த் தெய்வமாக்குவது கஷ்டம்.

மேற்குச் சுவர்ல முதலை வாயைத் திறந்துட்டு நிக்குதே, இங்கிலாந்துல முதலை ஏது?

எல்லாரும் முதலை என்றுதான் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவை டிராகன் தலைகள். சுவரின் மூலைகளிலும் நடுவிலும் நீளமாகத் துருத்திக்கொண்டு, வாயைப் பிளந்து, நாக்கைச் சுருட்டி நிற்கின்றன. கல்லில் இப்படி நீட்டிச் செதுக்குவது ஆபத்தான வேலை. எடை முழுக்க முன்னால் இழுக்கும். மரத்தில் செய்தால் சுலபம். நார்வேயின் மரத் தேவாலயங்களின் கூரை முனைகளிலும் வைக்கிங் கப்பல்களின் முகப்பிலும் இதே மாதிரித் தலைகள் உண்டு. மரத்தச்சனின் கற்பனையைக் கல்தச்சன் எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது.

அவற்றுக்கு இடையில் இருக்கும் மேற்குச் சன்னலை யாரும் பார்ப்பதில்லை. பின்னல் வேலை செய்த தூண்கள், அவற்றின் தலையில் மறுபடியும் இலை கக்கும் முகங்கள். தெற்கு வாசலுக்குப் போட்டி போடும் வேலை.

அந்த இலை கக்கும் முகம் பழைய காட்டுத் தெய்வம்தானே? கிரீன் மேன்னு படிச்சேன்.

முகம் பழையது, அந்தப் பெயர் பழையதில்லை. தேவாலயச் சிற்பங்களில் இருக்கும் இந்த முகங்களுக்கு ‘கிரீன் மேன்’ என்ற பெயரை வைத்தவர் லேடி ராக்லன், 1939இல், நாட்டார் வழக்காற்றியல் இதழ் ஒன்றில். காட்டுத் தெய்வக் கதை அங்கிருந்துதான் ஊரெங்கும் பரவியது. இலைமுகங்கள் ரோமானியர் சிற்பங்களிலேயே அலங்காரமாக இருந்தவை, அங்கிருந்து சுவடி ஓரங்களுக்கும் கோயில் தூண்களுக்கும் வந்தவை. கடைகளில் விற்கும் பச்சை முகப் பொம்மையை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. 1140இல் சிற்பி அதைக் கும்பிட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செதுக்கினவங்க பேரு தெரியுமா?

பெயர் எங்கும் இல்லை. ஆனால் கை தெரிகிறது. இதே மாவட்டத்தில் ஷாப்டன், ரோல்ஸ்டோன், பிரின்சோப், ஸ்ட்ரெட்டன் சுகுவாஸ், ஏர்டிஸ்லி, காசில் ஃப்ரோம் ஆகிய ஊர்களில் இதே மடிப்புத் துணி, இதே பின்னல், இதே உருண்டைக் கண்கள். அதனால் ஒரு பட்டறையாகச் சேர்த்து ‘ஹெரிஃபோர்ட்ஷயர் பள்ளி’ என்கிறார்கள். பள்ளிக்கூடம் என்று எண்ண வேண்டாம்; ஊர் ஊராக வேலை எடுத்துப் போன சிற்பிக் குழு.

இவர்கள் பாணி ஒரே ஊர்ச் சரக்கில்லை. பின்னிக் கிடக்கும் பாம்புகளில் வடக்கின் ஸ்காண்டிநேவிய வாசம். வளைவில் வரிசையாகக் கற்களை விரித்து வைப்பது மேற்குப் பிரான்ஸ் வழக்கம். இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி ஷாப்டனில் இருக்கிறது. அந்தக் கோயிலைக் கட்டிய ஆலிவர் டி மெர்லிமாண்ட், மார்ட்டிமர் குடும்பத்தின் காரியஸ்தர். அவர் ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தெ கம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போய்வந்தவர். போகிற வழி முழுக்க பிரான்ஸின் புதுக் கோயில்கள். சிற்பியும் கூடப் போனானா, எஜமான் பார்த்து வந்து வாயால் சொன்னாரா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பார்கள். கூடப் போயிருப்பான் என்பது என் கட்சி. வாயால் சொல்லி இந்த வேலை வராது.

வெளியிலதான் எல்லாம், உள்ள ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே?

சொன்னவர் கதவோடு திரும்பியிருப்பார். நான்காவது கேள்வியில் சொன்ன அந்தப் பெரிய வளைவுக்குப் பக்கத்தில் போங்கள். இரு பக்கத் தூண்களிலும் மூன்று மூன்று பேர், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். புனிதர்கள். சாவி வைத்திருப்பவர் பேதுரு, அவரை மட்டும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். தூண் உடம்பிலேயே ஆட்களை அடுக்கும் இந்த யோசனைக்குச் சந்தியாகோவின் தெற்கு வாசலைத்தான் ஒப்பிடுவார்கள். வெளியே அவ்வளவு ஆட்டம் போட்ட சிற்பிகள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

அரைவட்ட அறைக்குள் நின்று மேலே பாருங்கள். வளைந்து வரும் கல் விலாக்களில் அலையலையாக முக்கோண வெட்டு. அவை சேரும் இடத்தில் நான்கு சிங்க முகங்கள். மேற்குப் பக்கம் ஞானஸ்நானத் தொட்டி: கூழாங்கற்கள் ஒட்டிக் கெட்டிப்பட்டது போன்ற பாறையைக் குடைந்து வழவழப்பாக்கிய பெரிய கிண்ணம், குழந்தையை முழுக்கவே அமிழ்த்தலாம். இப்படிப்பட்ட தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கச் சொல்லி 1236இல் கான்டர்பரி பேராயர் உத்தரவிட்டார். மந்திரத்துக்குத் தண்ணீரைத் திருடிக்கொண்டு போனார்களாம்!

எனக்குப் பிடித்தது தீர்த்தத் தொட்டிதான். பீப்பாய் போன்ற கல், அதைச் சுற்றி இரண்டு கைகள் முன்னால் வந்து கோத்திருக்கின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவனின் நடுவுடம்பு போல. தலை இல்லை, கால் இல்லை. சாப்பாடு முடிந்து நிற்கும் என் பெரியப்பாவை அப்படியே பார்த்தேன், அவரிடமே சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை.

சீர்திருத்தக் காலத்துல சிலைகளை எல்லாம் உடைச்சாங்களே, இது எப்படித் தப்பிச்சது?

இங்கிலாந்துத் திருச்சபை ரோமைவிட்டுப் பிரிந்த மாற்றத்தைத்தான் சீர்திருத்தம் என்கிறார்கள். சிலை உடைப்பு 1530களில் எட்டாம் ஹென்றி காலத்தில் தொடங்கி, 1547க்குப் பின் ஆறாம் எட்வர்டு காலத்தில் வேகமெடுத்து, 1640களில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மறுபடி ஒரு சுற்று வந்தது. சுவரோவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள், கல் பீடங்களை உடைத்தார்கள், மாதா சொரூபங்களை எரித்தார்கள். குறி எல்லாம் மக்கள் மெழுகுவத்தி ஏற்றி வணங்கிய உருவங்கள் மீது. பன்றிக்கும் பிடில்காரனுக்கும் யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. உள்ளே நிற்கும் புனிதர்கள் வளைவைத் தாங்கும் தூண்களின் உடம்பிலேயே செதுக்கப்பட்டவர்கள் என்பதும் உதவியிருக்கும்.

இரண்டாவது காரணம் கோபுரக் கேள்வியில் சொன்னது: வறுமை. பெரிதாக்கப் பணம் இருந்திருந்தால் தெற்குச் சுவரே போயிருக்கும், வாசலும் கூடவே. மூன்றாவது, கல். இந்தப் பகுதியின் சிவப்பு மணற்கல் எல்லா இடத்திலும் உறுதியானது கிடையாது. கில்பெக்குக்கு வாய்த்தது நல்ல கெட்டிக் கல்.

1140னு கல்வெட்டு ஏதாவது இருக்கா? 1134லயே கோயிலைத் தானம் கொடுத்துட்டாருன்னு வேற ஒரு இடத்துல படிச்சேனே, கட்டறதுக்கு முன்னாடியே எப்படிக் கொடுப்பாரு?

நல்ல கேள்வி, வக்கீல் நண்பர் கேட்டது. கல்வெட்டு கிடையாது. 1134இல் ஹியூ, கில்பெக் கோயிலை குளோஸ்டரின் புனித பேதுரு மடத்துக்கு எழுதிக்கொடுத்தது உண்மை. கோயிலை எழுதிக்கொடுப்பது என்றால் கட்டிடத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை; அதன் வருமானத்தையும் உரிமையையும் கொடுப்பது. அப்போது நின்றது பழைய கோயில். அதன் துண்டு இன்றும் இருக்கிறது: கூடத்தின் வடகிழக்கு மூலையில், மற்ற சுவரோடு ஒட்டாத ஒரு பழஞ்சுவர், நார்மன்களுக்கு முந்தைய சாக்ஸன் காலத்தது. வெளியிலிருந்து பாருங்கள். தானத்துக்குப் பிறகு பக்கத்தில் சிறு துறவியர் இல்லம் ஒன்றும் வந்தது, 1428இல் மூடப்பட்டது.

1140 என்ற கணக்கு ஷாப்டனை வைத்து வருகிறது. ஆலிவர் கட்டிய அந்தக் கோயிலை அர்ச்சித்துத் திறந்துவைத்தவர் ஹெரிஃபோர்ட் பிஷப் ராபர்ட் டி பெத்யூன். அவர் பதவியில் இருந்தது 1131 முதல் 1148 வரை. ஆகவே அந்த வேலை 1148க்கு முன்னால் முடிந்தாக வேண்டும். அதே கைகளின் வேலை என்பதால் கில்பெக்கும் அதற்குப் பக்கத்தில். ஸ்டீபனும் மட்டில்டாவும் அரியணைக்கு அடித்துக்கொண்டு நாடே கலங்கிக் கிடந்த வருஷங்கள் அவை. அப்போதுதான் இந்த மூலையில் ஒருவன் முயலுக்குக் காது செதுக்கிக்கொண்டிருந்தான்.

இவ்வளவு புதுசா இருக்கே, விக்டோரியா காலத்துல மறுபடி செதுக்கினதுதானே?

சந்தேகம் நியாயமானது. விக்டோரியா காலத்தில் ‘புதுப்பிக்கிறேன்’ என்று பல கோயில்களைச் சுரண்டி எடுத்தார்கள். இங்கே லூயிஸ் நாக்கல்ஸ் காட்டிங்ஹாம் என்ற கட்டிடக்கலைஞரின் திட்டப்படி 1848இல் திருப்பணி நடந்தது. அதற்கு முன்பே, 1842இல், ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் வாசலையும் தாங்குகற்களையும் ஒவ்வொன்றாக வரைந்து அச்சிட்டிருந்தார். இன்றைய கற்களை அந்தப் படங்களோடு ஒப்பிடலாம். சிற்பங்கள் அசல், இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அசலிலிருந்து இன்று காணாமல் போனது நிறம். அந்தக் காலத்தில் கல் சிற்பத்துக்கு வண்ணம் பூசுவது சாதாரணம், உட்சுவர்களுக்குச் சுண்ணாம்பும் ஓவியமும். நாம் ரசிக்கிற வெறும் சிவப்புக் கல்லை ஹியூ பார்த்தால் வேலை முடியவில்லையா என்று கேட்பார்.

கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மண்மேடு என்ன? ஊரே காணோமே?

மேடுதான் வில்லியமின் கோட்டை. செயற்கை மண்மேடு, உச்சியில் வட்டக் கல்மதிலின் இரண்டு துண்டுகள் மட்டும் பாக்கி. ஜான் மன்னர் இங்கே சில முறை தங்கியிருக்கிறார். உள்நாட்டுப் போரில் அரசர் தரப்பு வைத்திருந்ததால் 1645இல் இடித்துவிட்டார்கள். ஏறிப் போகலாம், மழை பெய்திருந்தால் வழுக்கும்.

கோயிலுக்கு வடகிழக்கே புல்வெளியில் மேடுபள்ளங்கள் தெரிகின்றனவே, அவைதான் பழைய ஊர்: வீட்டடிகள், தெருக்கள், சுற்றிலும் மண் வரப்பு. கோட்டைக்கு மவுசு இருந்தவரை சந்தை கூடிய ஊர், பிறகு வற்றிவிட்டது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் மேல் நின்று பார்த்தால் தெருக்கோடுகள் நிழலாக எழும். நண்பகலில் வெறும் புல்தான்.

இன்னும் பூசை நடக்குதா? கிறிஸ்தவங்க இல்லாதவங்க உள்ள போகலாமா?

நடக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் செயல்படும் பங்குக் கோயில் இது. யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் இல்லை, செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. உண்டியல் இருக்கிறது, போடுங்கள், அந்தக் கூரையை ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணமோ அடக்கமோ நடந்தால் வெளியே காத்திருங்கள். வெளியில் பார்ப்பதற்கா பஞ்சம்.

ஒரு நாள் கையில இருக்கு. வேற எதைச் சேர்த்துப் பார்க்கலாம்?

முதலில் ரோல்ஸ்டோன், பக்கம். அங்கே வளைவுத் தூண்தலையில் சில உருவங்கள் தலைகீழாக நிற்கின்றன, கல்லைத் திருப்பி வைத்தது போல. பிறகு ஏர்டிஸ்லி ஞானஸ்நானத் தொட்டி: இரண்டு பேர் ஈட்டியும் வாளுமாக மோதுகிறார்கள், ஈட்டி ஒருவன் தொடையில் இறங்கியிருக்கிறது. கில்பெக் வாசலில் பார்த்த அதே மடிப்புக் கால்சராய்தான் அவர்களுக்கும்.

நேரம் மிச்சமிருந்தால் ஷாப்டன். ஆலிவரின் கோயிலை 1750களில் இடித்துவிட்டு, வளைவுகளையும் வாசல்களையும் மட்டும் குன்றின் மேல் கொண்டுபோய் அலங்காரத்துக்கு நிறுத்தினார்கள். கூரை இல்லை. இரண்டரை நூற்றாண்டு மழையும் பனியும் நேராக விழுந்து, உருவங்கள் கரைந்த சோப்பு போல ஆகிவிட்டன. கில்பெக்கைப் பார்த்துவிட்டுப் போனால் எந்தப் புடைப்பு பறவை, எந்தப் புடைப்பு பாம்பு என்று ஓரளவு அடையாளம் தெரியும். ஷாப்டனுக்கு முதலில் போனால் ஒன்றுமே தெரியாது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.